மெட்டுக்குக் கீழே

2024 ஏப்ரல் 9, செவ்வாய்

இன்றும் பேசக் கூடாது. குசுகுசுக்கவும் கூடாதாம், அது தொண்டைக்கு இன்னும் கெடுதலாம். தைறோயிட் கட்டியை எடுத்த இடத்தில் பிளாஸ்ரர் ஒட்டியிருக்கிறது. குனிந்தால் இழுக்கிறது.

என் மனுசன் யோன் விடியவே சாமான் ஏற்றுகிற வான் வண்டியை எடுத்துக்கொண்டு ஒபர்வில்லியே மொத்தக் கடைகளுக்குப் போய்விட்டார். மகள் இசபெல் பள்ளிக்கூடம். வீட்டில் நானும் பிரிட்ஜின் இரைச்சலும்தான். வேறு நாளென்றால் இந்நேரம் சீலைக் கடையில் யாருக்காவது முந்தானையை விரித்துக் காட்டி வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டிருப்பேன்.

தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் வயலின் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள். கர்நாடக சங்கீதம் இல்லை. கோயிலில் வாசிக்கிற மாதிரியும் இல்லை. ஒரு சின்ன மெட்டு. போகிறது, திரும்புகிறது, தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்காமல் மறுபடியும் போகிறது. சுவரில் காதை வைத்துக்கொண்டு கிடந்தேன். மேம்பாலத்தில் மெட்ரோ போனபோது எல்லாச் சத்தத்தையும் அது மூடியது. அது போன பிறகு பார்த்தால் மெட்டு அங்கேயே இருந்தது, அலை வடிந்த பிறகு தெரிகிற கல்லைப்போல.

நித்திரையா விழிப்பா என்று தெரியாத ஒரு காலை. நன்றாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 17, புதன்

படிக்கட்டில் அவளைக் கண்டேன். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்துக்குள். பெயர் ரோசாலி. பஸ் ஓட்டுகிறாளாம், பின்னேர வேலை, அதனால்தான் காலையில் வாசிக்கிறாளாம். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். வயலின் சத்தத்தால் எனக்குக் கரைச்சல் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டாள். இல்லை இல்லை என்று இரண்டு கையாலும் ஆட்டினேன். பிறகு எனக்கே என்ன வந்ததோ, அவளுடைய கதவைக் காட்டினேன். உள்ளே வரட்டுமா என்று.

எனக்காக வாசித்தாள். அமெரிக்க மலைப் பக்கத்து ஆட்கள் ஆடுவதற்காக வாசித்த பழைய மெட்டுகளாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகுதிதான். கீழ்ப் பகுதி இரண்டு தரம், மேல் பகுதி இரண்டு தரம். பிறகு தொடக்கத்திலிருந்து. களைக்கும்வரை.

சுவரில் ஒரு வாத்தியம் தொங்கியது. மா அரிக்கிற அரிதட்டுக்கு நீளமான கழுத்து வைத்தது போல. பான்ஜோ. அவளோடு இருந்தவர் பிரெஸ்த் நகரத்துக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனதாம். வயலினுக்குத் துணையாக அவர்தான் வாசித்தவராம். இப்போது தூசு துடைக்க மட்டும்தான் எடுக்கிறாளாம்.

எடுத்து என் மடியில் வைத்தாள். பாரம், நான் நினைக்கவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

தமிழ்ப் பூசை. முதல்முறையாகக் கீழே, வாங்கில் இருந்தேன். இருபது வருசமாக நான் நின்று பாடுகிற மைக்குக்கு முன்னால் ஜெனிற்றா நின்றாள். சின்னப் பிள்ளை, நல்ல குரல், புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாசலில் எல்லோரும் என்னைச் சுற்றி நின்று குரல் எப்போது வரும் என்று கேட்டார்கள். யோன்தான் எனக்காகப் பதில் சொன்னார். "வரும், வரும். இன்னும் கொஞ்ச நாள்" என்றார். யாருக்குச் சொன்னார்?

மே 3, வெள்ளி

இனிப் பேசலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

மே 4, சனி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. டொக்டர் கமராவை மூக்கால் விட்டுத் திரையில் காட்டினார். இரண்டு குரல் நாண். ஒன்று அசைகிறது, மற்றது படுத்துக் கிடக்கிறது. நரம்பு களைத்துப் போயிருக்கிறது, ஒரு வருசத்துக்குள் எழும்பலாம், எழும்பாமலும் போகலாம் என்றார். இப்படி நடக்கலாம் என்று ஒப்பரேசனுக்கு முன்பே சொன்னவர்தான். நான்தான் அதைக் கேட்ட மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து "யோன்" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. கேட்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாம் முறை திரும்பினார். அந்த முகத்தை எழுத மாட்டேன்.

மே 15, புதன்

கடைக்குப் போனேன். முதலாளி ஜெகதீஸ்வரி அக்கா பின்னறையில் சீலைக் கரை தைக்கிற வேலையைத் தந்திருக்கிறா. நல்ல மனம்தான். ஆனால் முன்னால் சனம் கதைப்பது பின்னறைக்குக் கேட்கிறது.

போகும் முன் ரோசாலி வீட்டில் கொஞ்ச நேரம் பழகினேன். பான்ஜோவில் ஒரே ஒரு கோட், மூன்று நான்கு சுரம் சேர்ந்து ஒலிப்பது. இடது கை எதையும் அமத்தத் தேவையில்லை, வெறும் தந்தியே கோட் ஆகிவிடுகிறது, அப்படிச் சுருதி கூட்டி வைத்திருக்கிறாள். ஐந்தாவது தந்தி மட்டும் கட்டை. கழுத்தின் பாதியில்தான் தொடங்குகிறது. மெட்டு எங்கே போனாலும் அது ஒரே சுரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். சுருதிப்பெட்டி போல என்று அவளுக்கு விளக்கப் பார்த்தேன். என் பிரெஞ்சு அவளுக்கு விளங்கும், என் குரல்தான் விளங்கவில்லை. கிட்ட வந்து காதைத் தந்தாள். கூச்சமே இல்லாமல்.

மே 26, ஞாயிறு

யோன் இப்போது வேலையிலிருந்து போனில் கூப்பிடுவதில்லை. மெசேஜ்தான். "பாண் வாங்கவோ?" "ஓம்." "பால்?" "இருக்கு."

ஜூன் 8, சனி

இன்று ரோசாலி நிறுத்தினாள். நான் மெட்டைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோசத்தில் வயலினோடு சேர்ந்து அதையே பான்ஜோவில் வாசித்துக்கொண்டு போனேன். வில்லை இறக்கி வைத்தாள். மெட்டு என்னிடம் இருக்கிறது, நீ அதைத் தொடாதே, அதற்குக் கீழே ஒரு தரை போடு என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுள்ளென்று ஏறியது.

கீழையாம். பின்னாலையாம். இருவது வருசம் நான் பாட மற்ற ஆக்கள் பின்னாலை வந்தவை. இப்ப குரலும் போய், இந்த அரிதட்டிலையும் நான் பின்னாலைதான் நிக்க வேணுமோ? ஆருக்குத் தேவை இது?

பான்ஜோவைச் சுவரில் கொழுவிவிட்டு வந்துவிட்டேன். கதவை அடித்துச் சாத்தவில்லை. அடித்திருக்கலாம்.

ஜூன் 12, புதன்

சுவருக்கு அந்தப் பக்கம் வயலின் தனியாகப் போகிறது. அது மூச்சு விடுகிற இடங்கள் எனக்கு இப்போது தெரிகின்றன. அந்த இடங்களில் ஒன்றுமே இல்லை. யாரோ எழும்பிப் போன கதிரை மாதிரி.

ஜூன் 13, வியாழன்

போனேன். ரோசாலி கதவை அகலத் திறந்தாள். கோப்பி ஊற்றினாள்.

ஜூன் 21, வெள்ளி

தெருவெல்லாம் இசை விழா. எங்கள் சந்தியில் ஒரு பக்கம் ஆபிரிக்கப் பெடியள் மேளம், மறுபக்கம் தமிழ்ப் பெடியள் பெரிய ஸ்பீக்கரில் பாட்டு. ரோசாலியும் நானும் கட்டிட வாசலில் இரண்டு ஸ்ரூலைப் போட்டு இருந்தோம். எங்களை யாரும் கேட்டிருக்க வழியில்லை. அவளுக்கே அவளுடைய வயலின் கேட்டதோ தெரியாது. எனக்கு அவளுடைய வில் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்து வாசித்தேன். வெளிச்சம் போகவே மாட்டேன் என்று நின்ற பின்னேரம். வானம் கத்தரிப்பூ நிறம். ஒரு நேரத்துக்குப் பிறகு கை என்னுடையது இல்லை என்பது போல இருந்தது. அது பாட்டுக்குப் போனது.

இசபெல் மேலேயிருந்து ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். கை காட்டினாள்.

ஜூலை 6, சனி

படித்ததை எழுதி வைக்கிறேன், மறக்காமலிருக்க.

காலால் தட்டுகிற இடத்தில் பெருவிரல் தாழ்ந்த தந்தியை அடிக்க வேண்டும். கால் மேலே இருக்கும்போது மற்ற விரல்கள் கோட்டைக் கிள்ள வேண்டும். கிள்ளியவுடனேயே இடது கையைத் தளர்த்தினால் சத்தம் அறுந்துவிடும். அந்த அறுப்பில்தான் ஆடுகிறவர்கள் காலைத் தூக்குவார்களாம். வயலின் மேலே ஏறினால் நான் கீழே இறங்க வேண்டும். அது கீழே வந்தால் நான் கழுத்தில் மேலே போகலாம். அது மூச்சு விடும்போது மட்டும் இரண்டு மூன்று சுரம் போடலாம், அதுவும் அடுத்த அடி தொடங்கும் முன் வாயை மூடிவிட வேண்டும். வயலின்காரி ஒரு காலைத் தூக்கினால் இதுதான் கடைசிச் சுற்று.

முக்கியமானது: அவள் ஓடினாலும் நான் ஓடக்கூடாது.

மெட்டுகளின் ஆங்கிலப் பெயர்கள் நாவில் நிற்கவில்லை. நானே பெயர் வைத்திருக்கிறேன். கோழி மெட்டு. மழை மெட்டு. கோபக்காரி மெட்டு.

ஜூலை 20, சனி

மழை. யோன் குளித்துக்கொண்டிருந்தார். குடை வானுக்குள் இருந்ததால் திறப்புக் கோர்வையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். சீற்றில் ஏறி இருந்து வானை முடுக்கினேன், கண்ணாடி துடைக்கிறதா என்று பார்க்க. வானின் பாட்டுப்பெட்டி அவர் முதல் நாள் நிறுத்திய இடத்திலிருந்து பாடத் தொடங்கியது.

நான்தான் பாடினேன். எந்த வருசத்து உயிர்ப்புத் திருவிழாவில் பதிந்ததோ. பின்னால் எங்கள் கோயிலில் வாசிக்கிற கிங்ஸ்டன் அண்ணையின் கீபோட்.

இறங்காமல் கேட்டேன். கண்ணாடியில் தண்ணீர் ஓடியது, வெளியே எல்லாம் கரைந்து தெரிந்தது. எவ்வளவு லேசாக மேலே போயிருக்கிறாள் அவள். பயமே இல்லாமல். இந்த மனுசியோடைதான் இவர் நாள் முழுக்கத் திரியிறாரா? லா கூர்னெவ், ஸ்தேன் எண்டு ஊர் ஊரா இவளைப் பக்கத்திலை இருத்திக்கொண்டு? வீட்டை வந்தா எனக்கு ஒரு சொல் இல்லை.

என் குரல்மீதே எனக்குப் பொறாமை வரும் என்று யார் நினைத்தார்கள்.

ஜூலை 21, ஞாயிறு

அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. குடையை மடித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா திருநாள். கோயில் நிரம்பி வாசலுக்கு வெளியேயும் சனம். ஜெனிற்றா தனியாகப் பாட வேண்டிய இடம் வந்தது. பயத்தில் தாளத்தை விட்டு ஓடத் தொடங்கிவிட்டாள். சனம் கவனித்திருக்காது. நான் கேட்டுக்கொண்டிருந்தது அவளை இல்லை, கிங்ஸ்டன் அண்ணையின் இடது கையை. முதலில் அவரும் அவளோடு ஓடினார். பிறகு ஓடுவதை விட்டார். தாழ்ந்த சுரத்தைக் கொஞ்சம் அழுத்தி, ஒரே நடையில் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வரி போனபின் அவளாகவே திரும்பி வந்து அதில் காலை வைத்தாள். அதற்குப் பிறகு அழகாகப் பாடினாள்.

என் கை மடியில் தானாகவே அசைந்துகொண்டிருந்தது. இந்தப் பாட்டை எத்தனை வருசம் பாடியிருக்கிறேன், இப்படி ஒரு வேலை எனக்குப் பின்னால் நடந்தது என்று இன்றுதான் கேட்கிறது.

செப்டம்பர் 14, சனி

கேட்டுவிட்டேன்.

யோன் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். இசபெல் வெளியே. "வானுக்குள்ளை என்ரை பாட்டுப் போட்டுக் கேக்கிறீங்களோ?" என்றேன். பாதியில் குரல் காற்றாகிப் போனது. இரண்டாம் முறையும் கேட்க வேண்டி வந்தது, அதுதான் பெரிய அவமானம்.

ஓம் என்றார்.

"பிறகேன் என்னோடை கதைக்கிறியள் இல்லை?"

கத்தியை வைத்துவிட்டுக் கை கழுவினார். நெடுநேரம் கழுவினார். "கதைச்சா, அந்தக் குரல் இல்லையெண்டு தெரியுது. கதைக்காட்டி இருக்கிற மாதிரி இருக்குது."

"அப்ப இப்ப உங்களோடை கதைக்கிறது ஆர்?"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். மீனின் மீதியை நான் வெட்டினேன். அவர் கீழே போய் வானுக்குள் இருந்தார் என்று நினைக்கிறேன். ஜன்னலால் பார்க்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

மீன்குழம்பு நன்றாக வந்திருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அக்டோபர் 5, சனி

ஒன்று கவனித்தேன். முன்பெல்லாம் இசபெல் அவளுடைய அறையிலிருந்து பிரெஞ்சில் கத்துவாள், நான் குசினியிலிருந்து தமிழில் கத்துவேன். இப்போது நான் கத்த முடியாது. அவள் எழும்பி வர வேண்டியிருக்கிறது. வந்தால் உடனே போவதில்லை. மேசையில் ஏறி இருந்து காலை ஆட்டிக்கொண்டு எதையாவது சொல்கிறாள். பாதி தமிழிலும் சொல்கிறாள்.

ரோசாலி அடுத்த மாதம் ஒபர்வில்லியேயில் ஒரு சங்க மண்டபத்தில் ஆட்டத்துக்கு வாசிக்கிறாள். வயலின், ஒரு கிற்றார், நான். நான் என்று அவள்தான் சொன்னாள். நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 9, சனி

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கிற்றார்க்காரருக்குக் காய்ச்சல். ரோசாலி காலையில் வந்து, இரண்டு பேர்தான், பரவாயில்லையா என்றாள். பான்ஜோவைப் பையோடு பஸ்ஸில் கொண்டுபோவதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, யோன் திறப்பை எடுத்தார். கொண்டுபோய் விடுகிறேன் என்றார். வழியில் அவர் பாட்டுப் போடவில்லை.

பெரிய மண்டபம், மரத்தரை, பின்னேர வெயில் சரிவாக விழுந்தது. கிழவர்கள், சின்னப் பிள்ளைகளோடு வந்த தாய்மார், பக்கத்துக் கட்டிடத்து ஆட்கள். சதுரமாக நின்று கை மாற்றி மாற்றி ஆடினார்கள். முதல் மெட்டில் என் விரல்கள் மரக்கட்டை. இரண்டாவதில் தரையின் சத்தம் கேட்கத் தொடங்கியது. இத்தனை கால்கள். அவை வயலினை மிதிக்கவில்லை, என் தாழ்ந்த தந்தியைத்தான் மிதிக்கின்றன என்று திடீரென்று விளங்கியது.

மழை மெட்டில் மேல் பகுதிக்கு ஏறும்போது டிக் என்று ஒரு சத்தம். ரோசாலியின் மேல் தந்தி அறுந்து கன்னத்தில் அடித்தது. வயலின் நின்றது.

நான் நிற்கவில்லை. துணிவால் இல்லை, கைக்கு நிற்கத் தெரியவில்லை. கோட் மாற வேண்டிய இடத்தில் மாறியது. கீழ்ப் பகுதி இரண்டு தரம், மேல் பகுதி இரண்டு தரம். மெட்டு இல்லை. வெறும் தரை மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு ஆடினார்கள். யாரும் கையை விடவில்லை. ஒரு மனுசி மெல்ல மெட்டை வாய்க்குள் முனகினாள், பக்கத்தில் நின்றவரும் பிடித்தார். மண்டபம் முழுக்க அந்த இல்லாத மெட்டு இருந்தது. கனவில் வீட்டுக்குள் நடப்பது போல, விளக்கில்லாமலே எல்லாம் எங்கே என்று தெரிந்தது.

ரோசாலி ஓரத்தில் இருந்து புதுத் தந்தி பூட்டிவிட்டு மேல் பகுதியின் வாசலில் காத்து நின்று, நுழைந்தாள். மண்டபம் கத்தியது. அவள் கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு. அவள் காலைத் தூக்கினாள். முடித்தோம்.

யோன் போய்விட்டார் என்று நினைத்திருந்தேன். கதவடியில் ஜக்கெற்றைக் கழற்றாமல் நின்றார்.

ரோசாலி நண்பர்களோடு நின்றுகொண்டாள். திரும்பும்போது நானும் அவரும்தான். சிவப்பு லைற்றில் நின்றபோது கேட்டார்: "பாட்டு நிண்டாப்பிறகு, எங்கை மாத்திறதெண்டு உமக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"உள்ளுக்கை ஓடிக்கொண்டிருந்தது."

லைற் பச்சையானது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"எனக்கும் ஓடினது" என்றார்.

நவம்பர் 12, செவ்வாய்

மத்தியானம் போன் அடித்தது. மெசேஜ் இல்லை, போன். பால் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். போனை வைக்கவில்லை. அவருடைய வானுக்குள் இன்டிகேட்டர் டக் டக் என்று அடிப்பது கேட்டது.

டிசம்பர் 15, ஞாயிறு

கோயிலில் கிறிஸ்மஸ் ஒளிவிழா. கிங்ஸ்டன் அண்ணை கேட்டதால் கீபோட்டுக்குப் பக்கத்தில் பான்ஜோவோடு இருந்தேன். ஜெனிற்றா மேடைக்குப் போகும் முன் என் கையைப் பிடித்தாள், அவளுடையது ஐஸ். "பதறாதை. நீ ஓடினாலும் நாங்கள் ஓடமாட்டம்" என்றேன். குரல் கரகரத்தது. அவள் சிரித்தாள்.

ஓடவில்லை.

2025 ஜனவரி 23, வியாழன்

டொக்டர் மறுபடியும் கமரா விட்டார். நாண் படுத்தேதான் கிடக்கிறது. வருசம் ஆக இன்னும் இருக்கிறது, ஆனாலும் இனி எழும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார். வேறு ஒப்பரேசன் இருக்கிறதாம், பேச்சைக் கொஞ்சம் தடிப்பாக்கலாமாம், பாட்டு வராதாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோன் அன்றைய வேலையை விட்டுவிட்டுக் கூட வந்திருந்தார். கோப்பிக் கடையில் இருந்தோம். நான் அழுதேன். சத்தம் வராத அழுகை, அதுவும் இப்போது காற்றுத்தான். அவர் வரும் வரும் என்று சொல்லவில்லை. என் கோப்பியில் சீனியைப் போட்டுக் கலக்கித் தந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்து சமையல். யோன் பலகையைப் போட்டு வெங்காயம் உரித்தார். நான் ஜன்னலோரம், ரோசாலி என்னிடமே விட்டுவைத்த பான்ஜோவுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாய்க்குள் எதையோ பாடத் தொடங்கினார். கலியாண வீடுகளில் கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஆடுகிற ஒரு பைலா. கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை. பாட்டுக்காரி வீட்டில் இருக்கும்போது அவர் ஏன் பாடுவார்.

சுருதி எங்கே என்று அவருக்கே தெரியாது, அலைந்து அலைந்து ஓரிடத்தில் நின்றார். தந்திகளைக் கவ்விப் பிடிக்கிற காப்போவை அங்கே நகர்த்திப் பூட்டி, மெல்லக் கீழே கோட் போட்டேன். அந்தத் தாளம் ரோசாலியின் மெட்டுகளில் இல்லாதது. இரண்டு இடத்தில் பிசகினேன். அவருக்குக் கேட்டுவிட்டது. வெங்காயத்தைப் பிடித்தபடி நிறுத்தினார். காது சிவந்திருந்தது.

"நிப்பாட்டாதேங்கோ" என்றேன்.

என் பக்கம் திரும்பாமல்தான் மறுபடியும் தொடங்கினார். இசபெல் அவளுடைய அறையிலிருந்து எழும்பி வந்து கதவில் சாய்ந்தாள். இரண்டாம் சரணத்துக்குச் சொற்கள் அவருக்குத் தெரியவில்லை. தானானா என்று போட்டுக்கொண்டு, முன்னதைவிடக் கொஞ்சம் பலமாகப் பாடினார்.